சொந்த ஊரை விலைக்கு வாங்குவது எப்படி?

ஸ்காட்லாந்தில் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிந்த நாள் 2004 நவம்பர் 28. எண்களில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. டோலி என்ற செம்மறியாட்டை எடின்பரோவுக்குப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் 1996இல் படியெடுத்துப் பிறக்கவைத்தார்கள். அது வளர்ந்தது, குட்டி போட்டது, 2003இல் செத்தது, பாடம் செய்யப்பட்டு அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கெல்லாம் பிறகுதான், ஒருவன் மண்ணில் இன்னொருவன் அடங்கி வாழ வேண்டும் என்ற இடைக்கால ஏற்பாட்டைச் சட்டப் புத்தகத்திலிருந்து அழிக்க அந்த நாட்டுக்கு நேரம் கிடைத்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கே இருநூறு வருஷமாகவே மனிதனுக்கு முன்னால் வரிசையில் நிற்பது ஆடுதான்.

அழித்த பிறகு என்ன மாறியது என்று கேட்கக்கூடாது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நாட்டில், தனியார் கையிலுள்ள கிராமப்புற நிலத்தில் பாதி 432 பேரிடம் இருக்கிறது என்று வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஹன்டர் 2013இல் கணக்குச் சொன்னார். எல்லோரையும் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம்.

இந்த அழகில்தான், கிராம மக்கள் அறக்கட்டளை அமைத்துத் தங்கள் ஊரின் கட்டடங்களையும் நிலத்தையும் தங்கள் பொதுச்சொத்தாக வாங்கிக்கொள்ளலாம் என்று 2003இல் ஒரு சட்டம் வந்தது. உலகம் கைதட்டியது. கருத்தரங்குகளில் சீமான்கள் கண் கலங்கினார்கள். நானும் தட்டலாம் என்றுதான் கையைத் தூக்கினேன். ஆனால் 'வாங்கிக்கொள்ளலாம்' என்றால் காசு கொடுத்து. யாருக்குக் காசு? அந்த மண் அவர்கள் கைக்கு எப்படி வந்தது? பத்திரத்தை ஒருமுறை பின்பக்கமாகப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

மேற்குக் கரையில் நொய்டார்ட் என்றொரு தீபகற்பம். அதன் ஊர் இன்வெரீ. பிரிட்டனின் சாலைகளோடு அதற்கு இன்றும் தொடர்பில்லை. படகில் போக வேண்டும், அல்லது மலையேறி நடக்க வேண்டும். 1853இல் அங்கிருந்த நானூறு பேரை, பண்ணையின் சீமாட்டி ஜோசஃபின் மக்டானல் வெளியேற்றினார். மேய்ச்சலுக்கு இடம் வேண்டும், ஆட்டுப்பண்ணைக்காரன் நல்ல வாடகை தருவான். சில்லெரி என்ற கப்பலில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். ஏற மறுத்தவர்களின் வீடுகளை இடித்தார்கள். இடிந்த சுவரோரம் பாயையும் துணியையும் கட்டி ஒண்டியவர்களின் மறைப்பையும் திரும்பத் திரும்ப வந்து பிய்த்தார்கள். கிராமக் கட்டடங்களின் உடைமை மாற்றம் என்றால் அன்றைக்கு இதுதான் நடைமுறை. படிவம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, மதிப்பீட்டாளர் கிடையாது. ஒரு கடப்பாரை போதும்.

1930களில் அந்த எஸ்டேட்டை பிராக்கெட் பிரபு வாங்கினார். பீர் காய்ச்சிச் சேர்த்த குடும்பப் பணம். ஹிட்லரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு 1939இல் நேரில் போய் வாழ்த்திய பிரமுகர். போர் வந்தது, முடிந்தது. ஹிட்லருக்கு எதிரான போரிலிருந்து திரும்பிய படைவீரர்களும் உள்ளூர்க்காரர்களுமாக ஏழு பேர் 1948 நவம்பரில் அந்த எஸ்டேட்டில் இறங்கி, பயிர் செய்யத் துண்டு துண்டாக நிலம் அளந்து எல்லை போட்டார்கள். படைவீரர்களுக்கு நிலம் தருவோம் என்று முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே சட்டம் பேசிக்கொண்டிருந்தது. அதை அந்த அப்பாவிகள் நம்பிவிட்டார்கள். பிராக்கெட் பிரபு நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் ஏழு பேரையும் வெளியேறச் சொன்னது. அரசு விசாரணை வைத்தது. விசாரணையும் பிரபு பக்கமே சாய்ந்தது. ஹிட்லரை எதிர்த்தவனுக்கு ஒரு ஏக்கர் இல்லை. ஹிட்லருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவருக்கு மலை, ஆறு, கடற்கரை, மான் அத்தனையும். போரில் வென்றது யார் என்று எனக்கு அவ்வப்போது சந்தேகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

அதன் பிறகும் எஸ்டேட் கைமாறிக்கொண்டே போனது. 1990களில், கல்கத்தாவில் சணல் ஆலைகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து திவாலுக்குப் போனது. 1999இல் ஊர்க்காரர்களின் அறக்கட்டளை, உதவ வந்த அமைப்புகளோடு சேர்ந்து, ஏழரை லட்சம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியது. கவனியுங்கள். விரட்டப்பட்டவர்களின் இடத்தில், அடித்து விரட்டியும் போகாத ஊர், தன் ஊருக்கு ஏழரை லட்சம் கட்டியது. அப்படியும் ஊரின் ஒரே மதுக்கூடமான ஓல்டு ஃபோர்ஜ் அந்தக் கிரயத்தில் வரவில்லை. 2022இல் பங்குகள் விற்றுத் தனியாகப் பணம் திரட்டித்தான் அதை வாங்க முடிந்தது. மலையை ஒருமுறை வாங்கி, மலையடிவாரத்தில் ஒரு கிளாஸ் பீர் குடிக்கும் பெஞ்சை இன்னொரு முறை வாங்கியிருக்கிறார்கள்.

விற்றவர்கள் எல்லோருக்கும் நேர்மையான சந்தை விலை கிடைத்ததா என்று சட்டம் மிகவும் கவலைப்படுகிறது. சுதந்திரமான மதிப்பீட்டாளரை நியமிக்கிறது. நல்லது. அவர் கையில் ஒரு பழைய கணக்கையும் கொடுப்போம். பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு செப்புக்காசு இல்லை. அவர்களை வைத்திருந்த எஜமானர்களுக்கு 2 கோடி. அந்தப் பணம் வாங்கிய வரிசையில் ஜான் கார்டன் ஆஃப் குளூனியும் நின்றார். தெற்கு யூயிஸ்ட், பென்பெகுலா, பாரா தீவுகளின் முதலாளி. பாரா தீவைக் கைதிகளை அடைத்துவைக்கும் தீவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசுக்கே விலை பேசிய மகானுபாவர். பேரம் படியாததால் தன் குடிமக்களைக் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். அதே தெற்கு யூயிஸ்ட் எஸ்டேட்டை 2006இல் தீவு மக்கள் வாங்கினார்கள். விலை 45 லட்சம் பவுண்டு.

லூயிஸ் தீவின் கதை இன்னும் மணக்கும். 1844இல் அதை வாங்கியவர் ஜேம்ஸ் மாதிசன். சீனாவுக்கு அபின் கடத்திச் சம்பாதித்தவர். அந்த அபின் விளைந்தது இந்திய மண்ணில். அந்தக் காசில் ஸ்டோர்னோவே துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு கோட்டை கட்டினார். 1918இல் தீவு சோப்பு வியாபாரி லெவர்ஹியூமிடம் வந்தது. அபினால் சேர்ந்த அழுக்கைச் சோப்பு கழுவியது என்று சொல்லலாம்தான், ஆனால் அந்தச் சோப்பின் பாமாயில் காங்கோவிலிருந்து எப்படி வந்தது என்பது அதைவிட நாறும். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன் திட்டங்கள் பலிக்காமல் தீவை விட்டுப் போகும்போது, 1923இல், ஸ்டோர்னோவே பகுதியை மக்களுக்கு அவர் இனாமாகவே கொடுத்தார். நூறு வருஷத்துக்கு முன் ஒரு சோப்பு முதலாளிக்குத் தோன்றியது பிற்பாடு வந்த சட்டமன்றத்துக்குத் தோன்றவில்லை.

நமக்கென்ன, ஆட்டுக்கறி தின்னாத ஊரில் ஆட்டுக்கதை எதற்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு நாகப்பட்டினம். ராஸ்-ஷயர் மலைப்பகுதியில் ஃபைரிஷ் குன்றின் உச்சியில் ஒரு கல்வாயில் நிற்கிறது. நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் நகல். கட்டவைத்தவர் சர் ஹெக்டர் மன்றோ, நோவர் எஸ்டேட்டின் சொந்தக்காரர். 1780இல் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படை ஹைதர் அலி, திப்புவிடம் சிக்கி அழிந்தபோது, சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கி ஓடியவர் இவர்தான். மறுவருஷம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். குளத்தை மறந்தார், கோட்டையை ஞாபகம் வைத்துக்கொண்டார். 1782இல் ஊரில் பஞ்சத்தில் கிடந்த கூலிகளை வைத்துக் குன்றின்மேல் வாசல் எழுப்பினார். கூலி நாள் கூடட்டும் என்று மேலே ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்று அந்தப் பக்கத்தில் கதை உண்டு. கருணைக்கு உதாரணமாகவே அதைச் சொல்கிறார்கள்.

அந்தக் கருணையின் மறுபாதி 1792இல் தெரிந்தது. மன்றோவின் கில்டெர்மோரி மலையை ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டதில் மேய்ச்சல் இழந்த மக்கள், ஆடுகளைத் திரட்டி ஊரை விட்டே ஓட்டிப் போனார்கள். அடக்க வந்தது பிளாக் வாட்ச் படை. அந்தப் படைக்குக் கர்னல் யார்? அதே மன்றோ. நம் ஊரில் கொள்ளையடித்தவன் தன் ஊரில் என்ன செய்திருப்பான் என்று நாம் கேட்பதே இல்லை. அதையேதான் செய்தான். பக்கத்து எவாண்டன் ஊர்க்காரர்கள், நோவர் எஸ்டேட்டின் காடு ஒன்றை 2012இல் விலை கொடுத்து வாங்கித் தங்கள் பொதுக்காடாக வைத்திருக்கிறார்கள். எஸ்டேட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. நாகப்பட்டினத்துக்கு எதுவும் வரவில்லை, பாக்கி இருக்கிறது.

சரி, வாங்குவது எப்படி? விலை போகட்டும், முறையைச் சொல்கிறேன். முதலில் நீங்கள் ஒரு 'சமூகம்' என்று நிரூபிக்க வேண்டும். பத்துத் தலைமுறையாக ஒரே இடுகாட்டில் புதைபட்டிருந்தாலும் போதாது. நிறுவனம் பதிய வேண்டும், அதன் விதிகள் அமைச்சர்களுக்குப் பிடிக்க வேண்டும். உங்கள் ஊர் எதுவரை என்று அஞ்சல் குறியீட்டாலோ வேறு வகையிலோ எல்லை போட வேண்டும். வரைபடம் வேண்டும். ஊரில் பத்தில் ஒருவராவது கையெழுத்துப் போட்ட ஆதரவு வேண்டும். இத்தனையும் கொடுத்தால் என்ன கிடைக்கும்? கட்டடமா? அவசரப்படாதீர்கள். 'எங்களுக்கு இதில் விருப்பம் உண்டு' என்று ஒரு பதிவேட்டில் பெயர் ஏறும். அவ்வளவுதான். அதுவும் ஐந்து வருஷத்துக்கு. அதற்குள் உரிமையாளருக்கு விற்கத் தோன்றாவிட்டால், மறுபடி முதலிலிருந்து எல்லாம்.

ஒருவேளை தோன்றியது என்று வையுங்கள். இப்போது ஊர் முழுக்க வாக்கெடுப்பு. மதிப்பீடு. அமைச்சரின் சம்மதம். நீங்கள் வாங்குவது 'நீடித்த வளர்ச்சிக்கு' உகந்தது என்ற நிரூபணம். கூரை ஒழுகும் ஊர்மண்டபத்தை வாங்கி ஓட்டை அடைப்பது மனிதகுல வளர்ச்சிக்கு எந்த வகையில் துணைபுரியும் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பால் கறக்கப் போக வேண்டிய ஆள், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆள், ஓய்வுபெற்ற டீச்சர், இவர்கள்தான் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். சம்பளம் கிடையாது. பணம் திரட்டிக் கிரயம் முடிக்க எட்டு மாதம். பிடிக்காவிட்டால் உரிமையாளர் நீதிமன்றம் போகலாம். விற்கும் எண்ணத்தையே கைவிட்டு வீட்டுக்கும் போகலாம். நீங்கள் எழுதிய பக்கங்களைக் குளிர்காலத்தில் கணப்பில் போட்டுக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இந்த ஏற்பாடு இன்னும் நாகரிகம். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர் மதிக்கும் கட்டடம் ஒன்றைப் பட்டியலில் சேர்க்கலாம். விற்பனைக்கு வந்தால் ஆறு மாதம் பொறுக்கச் சொல்லலாம். ஆறு மாதம் கழித்து உரிமையாளர் அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். காத்திருக்கும் உரிமை! உலகத்தில் ஏழைக்கு எப்போதும் தாராளமாகக் கிடைத்த ஒரே உரிமையைச் சட்டமாக்கிய பெருமை அந்த நாடாளுமன்றத்துக்கு உண்டு.

இப்போது ஒரு பணக்காரர் எப்படி வாங்குகிறார் என்று பார்ப்போம். எக் என்ற தீவு. 1975 முதல் அதன் சொந்தக்காரர் கீத் ஷெல்லன்பர்க். பந்தயப் படகு விடுபவர், ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டி ஓட்டியவர். தீவை வைத்திருக்கத் தேவையான தகுதிகள் இவை. குடிகளுக்கு உறுதியான குத்தகைப் பத்திரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்திரம் இல்லாமல் கடன் கிடையாது, மராமத்துக்கு மானியம் கிடையாது, சுவர் ஈரம் குடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய 1927ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் மட்டும் கொட்டகைக்குள் பத்திரமாக இருந்தது. 1994இல் ஒரு ராத்திரி கொட்டகையோடு எரிந்துபோனது. யார் வைத்த தீ என்று யாருக்கும் தெரியவில்லை. தீவில் அப்போது எழுபது பேர்கூட இல்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன், வேறு உள்நோக்கம் இல்லை.

1995இல் அவர் தீவை ஒரு ஜெர்மன் ஓவியருக்கு விற்றார். அந்த ஓவியர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் மாருமா. அவரிடம் எந்த அமைச்சராவது தொழில்திட்டம் கேட்டாரா? அஞ்சல் குறியீடு? தீவில் பத்தில் ஒருவர் கையெழுத்து? ஒன்றும் கேட்கவில்லை. பணம் இருந்தது, அதாவது இருப்பதுபோல் இருந்தது. இரண்டே வருஷத்தில் கடன் கழுத்தைப் பிடித்துத் தீவு அவர் கையைவிட்டுப் போனது. மனிதர்கள் வாழும் ஒரு தீவை, அதன் வீடுகளோடும் படகுத்துறையோடும் ஒருவர் கடனுக்கு ஈடாக வைக்கலாம். மூழ்கவிடலாம். அது சொத்துரிமை. அதே தீவை அந்த மனிதர்களே வாங்க வந்தால், அது ஒரு சோதனை முயற்சி, கவனமாகப் பரிசீலிக்க வேண்டும்.

1997 ஜூன் 12ஆம் தேதி எக் மக்களின் அறக்கட்டளை தீவை வாங்கியது. 15 லட்சம் பவுண்டு. ஆயிரக்கணக்கான எளியவர்கள் அனுப்பிய சின்னத் தொகைகளும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி அள்ளிக்கொடுத்த பெருந்தொகையும் சேர்ந்து அது நடந்தது. வாங்கியதும் கட்டிய முதல் கட்டடம் படகுத்துறையில், பேர் ஆன் லாம்ரிக். கடை, அஞ்சலகம், தேநீர்க்கடை, கழிப்பறை, குளியலறை. பிரபுக்கள் மாறி மாறி ஆண்டதில் கப்பலில் வந்து இறங்குபவன் ஒதுங்க ஒரு நல்ல கழிப்பறை கிடையாது. 2008இல் நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுத்துத் தீவு முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் விளக்கு எரியவிட்டார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மக்கள்தொகை நூறைத் தாண்டியது. சோதனை முயற்சி யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்ட்ரான்டியன் என்ற ஊரைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து, நிலப்பிரபு நியமிக்கும் போதகர் வேண்டாம் என்று ஒரு கூட்டம் வெளியே வந்தபோது, இந்த ஊர்க்காரர்களும் வந்தார்கள். கோயில் கட்டக் கொஞ்சம் இடம் கேட்டார்கள். சர் ஜேம்ஸ் ரிடெல் மறுத்துவிட்டார். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை அவர் நிலம். மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் ஜெபம் செய்து பார்த்தார்கள். பிறகு 1,400 பவுண்டு திரட்டி, இரும்பில் ஒரு மிதக்கும் தேவாலயம் செய்யச் சொல்லி, 1846இல் இழுத்து வந்து சூனார்ட் கடற்கழியில் நங்கூரம் போட்டார்கள். நிலம்தானே உன்னுடையது, தண்ணீர் கடவுளுடையது! படகு ஏறிப் போய் ஆராதனை. நூறு பேர் ஏறினால் ஓர் அங்குலம் அமிழும். எந்தப் போதகருக்குக் கூட்டம் கூடுகிறது என்பதைக் கரையிலிருந்தே அளந்து சொன்னார்களாம். ஊரே கொடுத்த காசில் ஊரே வைத்திருந்த கட்டடம் அது. எந்தச் சட்டமும் அதற்கு அனுமதி தரவில்லை, எந்த அமைச்சரும் நாடா வெட்டவில்லை.

அதே ஊரில் நூற்றெழுபது வருஷம் கழித்து, பழைய பள்ளிக்கூடத்தை ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்றது மாவட்ட நிர்வாகம். ஊர்க்காரர்கள் தாங்களே நிறுவனம் அமைத்து, பங்கு விற்று, கடன் வாங்கி, புதுப் பள்ளிக்கூடம் கட்டி 2018இல் திறந்தார்கள். நிர்வாகம் அதில் வாடகைக்கு இருக்கிறது. என்றைக்காவது பள்ளி வேண்டாம் என்று நிர்வாகம் காலி செய்துவிட்டால் வீடுகளாக மாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அரசாங்கத்தை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு அந்தக் கட்டட வரைபடமே சாட்சி. இதைப் பாராட்டிப் பேசாத அதிகாரி இல்லை. 'மக்கள் தாங்களாகவே முன்வந்தார்கள்!' ஆமாம் ஐயா, வரியும் கட்டி, பள்ளியும் கட்டினார்கள். உங்களுக்கு மிச்சமிருந்த வேலை கைதட்டுவதுதான்.

இதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2017 முதல், அரசு அமைப்புகளின் கட்டடங்களையும் மக்கள் கேட்டு வாங்கலாம் என்று வழி திறந்தார்கள். கேட்டு வாங்குவது எதை? மாணவர் குறைந்து மூடிய பள்ளி. ஓதம் ஏறிய மண்டபம். பணமில்லை என்று பூட்டிய நூலகம். பொதுக் கழிப்பறை. திருச்சபை தன் பங்குக்கு நூற்றுக்கணக்கான கோயில்களை விற்கிறது. கோபுரம் சாய்கிறது, கூரை ஒழுகுகிறது, விலை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. சால்மன் ஓடும் ஆற்றை, மான் வேட்டைக் காட்டை யாராவது 'சமூகமே, எடுத்துக்கொள்' என்று நீட்டியிருக்கிறார்களா? வருமானம் வரும்வரை அது தனியார் சொத்து. செலவு வைக்கத் தொடங்கிய அன்றே அது சமூகத்தின் பாரம்பரியம். இருபது வருஷத்துக்கு மேல் சட்டம் இருந்தும், மக்கள் அமைப்புகளின் கையில் ஸ்காட்லாந்து நிலத்தில் மூன்று சதவீதம்கூட இல்லை.

அதற்காகச் சட்டத்தை ஒழிக்க நான் சொல்லவில்லை. அதை எல்லோருக்கும் பொதுவாக்கச் சொல்கிறேன். அடுத்து ஒரு சீமான் எஸ்டேட் வாங்க வரும்போது அதே படிவத்தை அவரிடமும் நீட்டுங்கள். அங்கே குடியிருப்பவர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்து வாங்கி வரட்டும். ஊர் முழுக்க அவருக்கு ஓட்டுப் போடட்டும். மான் சுடுவது நீடித்த வளர்ச்சிக்கு எந்த வகையில் உதவும் என்று அவர் கையெழுத்திலேயே எழுதட்டும், வக்கீல் எழுதித் தரக்கூடாது. ஆண்டில் எத்தனை ராத்திரி அங்கே படுப்பார், பணம் எங்கிருந்து வந்தது, தாத்தா அதை யாரிடமிருந்து எடுத்தார், எல்லாவற்றையும் நிரப்பட்டும். மதிப்பீட்டாளர் போய்ப் பார்ப்பார். அமைச்சர் யோசிப்பார். குடிகள் மேல்முறையீடு செய்வார்கள். ஒரு காலியிடம் விட்டிருந்தாலும் திருப்பி அனுப்பி, ஐந்து வருஷம் கழித்து வரச் சொல்லுங்கள். மற்றபடி எட்டு மாத அவகாசம் தாராளமாகக் கொடுக்கலாம். தாத்தா கொடுக்காதது.